ஞாயித்துக்கிழமை போட்ட கையெழுத்து

போன வாரம் உங்கள்ல ஒருத்தர் எனக்கு போன் பண்ணார். பேர் வேண்டாம், அவருக்கே தெரியும். அவங்க ப்ளாண்ட்ல கம்ப்யூட்டருக்கும் மீட்டர் போர்டுக்கும் நடுவுல போட்ட லைன்ல அப்பப்போ நம்பர் மாறி வருதாம். "கேபிள் எல்லாம் செக் பண்ணியாச்சு சார், பக்கா. ஆபரேட்டர்தான் ஏதோ விளையாடறான்"னார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். எந்தக் கிழமை செக் பண்ணீங்க? "சண்டே சார், ஷட்-டவுன்ல."

அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லி போனை வெச்சுட்டு இதை எழுத உக்காந்துட்டேன். அவருக்கு மட்டும் இல்ல, ஒயர் இழுத்து அதுல தகவல் அனுப்பற வேலைக்குப் புதுசா வந்திருக்கற எல்லாருக்கும்தான்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. பால்காரர் அளந்து ஊத்தினா நான் பாத்திரத்தை ஆட்டிப் பார்ப்பேன். பூட்டின கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி, "உங்களுக்கு உங்க நிழல் மேலயே நம்பிக்கை கிடையாது"ம்பா. நம்ம தொழிலுக்கு இது நல்ல குணம்னு பெருமையா நினைச்சுகிட்டிருந்தேன். எழுபதுகளோட ஆரம்பத்துல அந்தப் பெருமையாலயே ஒரு பொண்ணோட வேலைக்கு உலை வெக்க இருந்தேன்.

இரும்புலியூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு உருக்கு வார்ப்படத் தொழிற்சாலை. பேர் சொல்லப் போறதில்ல, இப்போ அது இல்லவும் இல்ல. பழைய இரும்பை மின்சார உலையில கொட்டி உருக்கி, பம்ப் பாடி, வால்வு இதெல்லாம் வார்ப்பாங்க. நான் அங்க கருவிகள் பிரிவுல சார்ஜ்மேன். மீட்டர், போன், ஒயர் எல்லாம் என் பொறுப்பு.

இரும்பு உருகினதும் ஒரு கரண்டி மோந்து லேபுக்கு அனுப்புவாங்க. லேப்ல அதைப் பரிசோதனை பண்ணி, கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவுன்னு சொல்லணும். அந்த நம்பரை வெச்சுத்தான் உலைக்காரன் கரி போடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவான். லேபுக்கும் உலைக்கும் நடுவுல ஒரு பர்லாங். சீட்டு எழுதி ஆள் கொண்டு வரதுக்குள்ள உருகின இரும்பு காத்துகிட்டிருக்காது. போன்ல சொன்னா உலைச் சத்தத்துல காது கேக்காது. அதனால ரெண்டு டெலிபிரிண்டர் வாங்கினாங்க. லேப்ல ஒண்ணு, உலை மேடையில ஒண்ணு. இங்க அடிச்சா அங்க பேப்பர்ல வரும். அதுக்கு நடுவுல ஒரு கேபிள் வேணும். என்ன கேபிள்ங்கறதை நான் சொல்லணும்.

பர்ச்சேஸ் ஆபீசர் ஒரு சாம்பிள் துண்டு கொண்டு வந்து என் மேஜை மேல வெச்சார். பென்சில் தடிமன்கூட இல்ல. உள்ள மெல்லிசா ரெண்டு ஒயர், ஒண்ணை ஒண்ணு முறுக்கிகிட்டு. மேல செம்புக் கம்பியால வலை மாதிரி ஒரு பின்னல். "இந்த மாதிரி வேலைக்கு இதைத்தான் போடணுமாம், மெஷின் கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்"னார்.

எனக்கு உடனே மூக்கு வேர்த்துது. ஏன்னா இவரோட மச்சினன் ஒரு கேபிள் கம்பெனியில இருக்கான்னு எனக்குத் தெரியும். அந்த சாம்பிள்ல ஒட்டியிருந்த சீட்டும் அதே கம்பெனி. மனுஷர் சனிக்கிழமை தவறாம திருநீர்மலை ஏறி ரங்கநாதரை சேவிச்சுட்டு வந்து, திங்கட்கிழமை எல்லாருக்கும் துளசி கொடுப்பார். அந்தத் துளசியையே நான் ஒரு மாதிரி பார்த்துத்தான் வாங்குவேன். இவர் ஏன் இவ்வளவு ஆர்வமா இந்த நோஞ்சான் கேபிளைத் தூக்கிகிட்டு வரார்?

ஸ்டோர்ஸ்ல உலை நிறுவினப்போ மிச்சமான கேபிள் ஒரு டிரம் கிடந்துது. கட்டை விரல் தடிமன், கறுப்பு, உள்ள நல்ல கனமான செம்பு. மோட்டார் ஸ்விட்சுக்கெல்லாம் போடற கண்ட்ரோல் கேபிள். மேனேஜர்கிட்ட போய், "புதுசு எதுக்கு சார்? இது இருக்கு. யானையைக் கட்டலாம்"னேன். அதை இழுக்கப் புதுசா பள்ளம்கூட வெட்டல. உலைக்கு கரண்ட் போற டிரெஞ்ச்லயே ஓரமாப் படுக்க வெச்சேன். பர்ச்சேஸ் ஆபீசர் வந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போனார். ஒரு திருட்டைக் கண்டுபிடிச்சுத் தடுத்த மாதிரி எனக்கு அவ்வளவு திருப்தி.

லேப்ல டெலிபிரிண்டர் அடிச்சது ரோஸ்லின். மேற்குத் தாம்பரத்துல வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து கண்பார்வை போய் வீட்டோட இருந்தார். ரெண்டு தம்பி படிச்சுகிட்டிருந்தாங்க. குடும்பத்துல சம்பாதிச்சது இந்தப் பொண்ணு மட்டும்தான். கெமிஸ்ட்ரி படிச்சவ, டைப்பிங்கும் ஹையர் பாஸ். அதிகம் பேச மாட்டா. அதிகம் பேசாதவங்க மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு.

ஆறு மாசம் எல்லாம் ஒழுங்காத்தான் ஓடிச்சு. அப்புறம் பக்கத்துலயே ரெண்டாவது உலையைக் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் பேப்பர்ல சில்லறைத் தப்பா வர ஆரம்பிச்சுது. கார்பன்னு வரவேண்டிய இடத்துல கடைசி எழுத்து 'என்'னுக்கு பதிலா 'எம்'. கீபோர்டுல அது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. விரல் வழுக்குதுன்னு நினைச்சோம்.

உலை மேடையில மெல்டர், அதாவது உலைக்காரர், ஏகாம்பரம். கோவளத்துப் பக்கம் மீன்பிடிக்கற குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் நெருப்புக்கு வந்துட்டார். உலையோட நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுவார். என்னைப் பார்த்தா சிரிப்பார். "இன்னா சார், மேடம் இங்கிலீஷு நம்ம இங்கிலீஷு மாதிரியே ஆயிகினு வருது. நானே லேபுக்குப் போயிடலாம் போல கீது."

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு பெரிய பம்ப் பாடி விரிசல் விட்ட அன்னியோட போச்சு. பேப்பர்ல கார்பன் புள்ளி இருபதுன்னு வந்துது. வேண்டியது புள்ளி இருபத்தெட்டு. ஏகாம்பரம் கணக்குப் போட்டு கரியைப் போட்டார். வார்த்து ஆறினதும் கண்ணாடி மாதிரி கீறல் விட்டுடுச்சு. திரும்ப சாம்பிள் எடுத்துப் பார்த்தா கார்பன் எக்கச்சக்கம். பத்து நாள் கழிச்சு அதே மாதிரி இன்னொரு ஹீட், அதாவது இன்னொரு உலை நிறைய உருக்கு, வீணாப் போச்சு. மறுபடியும் இருபத்தெட்டு இருபதாகியிருந்தது.

மேனேஜர் எங்க மூணு பேரையும் கூப்பிட்டார். ஏகாம்பரம் தன்னோட பேப்பரை மேஜை மேல வெச்சார். "இதுல இருபது கீது சார். நான் கரி போட்டேன். என் தப்பு இன்னா?" ரோஸ்லின் தன் மெஷின்ல பதிவான காப்பியை வெச்சா. அதுல தெளிவா இருபத்தெட்டு. "நான் இருபத்தெட்டுதான் சார் அடிச்சேன்"னா.

மேனேஜர் ரெண்டு பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த இடத்துல நான் வாயை மூடிகிட்டு இருந்திருக்கணும். "சார், லைனை ஆஃப் பண்ணிட்டு அடிச்சா அந்த மெஷின்ல மட்டும் பதிவாகும். தப்பா அனுப்பிட்டு, அப்புறம் சாவகாசமா சரியா ஒரு காப்பி அடிச்சு வெச்சுக்கலாம்"னேன்.

ரோஸ்லின் திரும்பி என்னைப் பார்த்தா. அழல, கத்தல. ஒரு தடவை பார்த்தா, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் கொடுத்த அர்த்தம், 'மாட்டிகிட்டா'ங்கறது.

அவளுக்கு ஒரு காரணமும் நாங்களே கண்டுபிடிச்சோம். ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போறது கஷ்டமா இருக்கு, பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கன்னு எழுதிக் கேட்டிருந்தா. மேனேஜர் மாட்டேன்னுட்டார். அந்தக் கோவத்துல அவ இப்படிப் பண்றதா ஆபீஸ்ல பேச்சு. ஒருத்தர் மேல சந்தேகம் விழுந்துட்டா, அவங்க நடக்கறது, நிக்கறது, டிபன் டப்பாவைத் திறக்கறது எல்லாமே அதுக்கு சாட்சியாத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

மேனேஜர் முறையா ஒரு காரியம் பண்ணார். "லைன்ல குறை இல்லைன்னு நீ எழுதிக் கொடு. அப்புறம் சார்ஜ் ஷீட் கொடுக்கறேன்"னார். டிரெஞ்சோட மூடியைத் தூக்கணும்னா உலைக்கு கரண்ட் இருக்கக் கூடாது. அது எங்க சட்டம். அதனால வழக்கம்போல ஞாயித்துக்கிழமை, ரெண்டு உலையும் அணைஞ்சு கிடக்கும்போது போனேன். கரண்ட் கசிவு இருக்கான்னு காட்டற மெக்கரை வெச்சு சுத்தினேன், முள்ளு ஆடாம நின்னுது. லேப்ல உக்காந்து ஒரு பக்கம் முழுக்க நம்பரா அடிச்சேன். நடந்து போய் உலை மேடையில கிழிச்சுப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகல. 'லைனில் எந்தக் குறையும் இல்லை'ன்னு எழுதி, பேனாவை நல்லா அழுத்தி கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ரோஸ்லினுக்கு சார்ஜ் ஷீட். வேணும்னே தப்பான தகவல் அனுப்பி, போலிக் காப்பி தயாரிச்சதா குற்றம். வியாழக்கிழமை என்கொயரி. இந்தக் குற்றம் நிரூபணம் ஆகி வெளியே போனா, அப்புறம் எந்த லேப்லயும் அந்தப் பொண்ணைச் சேர்க்க மாட்டாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நான் நிம்மதியாத்தான் சாப்பிட்டேன். இன்னிக்கும் இதை நினைச்சா எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது.

புதன்கிழமை மத்தியானம் என் ரூம் கதவைத் தட்டிட்டு ரோஸ்லின் உள்ள வந்தா. கையில ஒரு கத்தைப் பேப்பர்.

"உக்காருங்க"ன்னேன்.

"வேண்டாம் சார், நின்னுக்கறேன். நீங்க பெரிய சந்தேகக்காரர்னு எல்லாரும் சொல்றாங்க. இதையும் கொஞ்சம் சந்தேகமாப் பாருங்க"ன்னு கத்தையை வெச்சா.

ரெண்டு மாசத்துப் பேப்பர். அவளோட காப்பியும் உலை மேடைக் காப்பியும் ஜோடி ஜோடியா குண்டூசி குத்தி அடுக்கியிருந்தா. உலைக் காப்பி எப்படிக் கிடைச்சுதுன்னு அதட்டலாக் கேட்டேன்.

"ஏகாம்பரம் அண்ணன் ஒண்ணைக்கூட தூக்கிப் போடல சார். என்னிக்காவது தன் தலையில பழி விழும்னு எல்லாத்தையும் ஒரு கம்பியில குத்தி வெச்சிருந்தார். கேட்டேன், கொடுத்தார்."

பாருங்க, அந்தத் தொழிற்சாலையில யாருமே யாரையுமே நம்பல. அந்த அவநம்பிக்கைதான் கடைசியில அவளுக்கு உதவினது.

அவ பென்சிலால வட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டினா. மாங்கனீஸ் புள்ளி அறுபத்தி ஒண்ணுன்னு இவ அடிச்சது அங்க புள்ளி அறுபத்தேழுன்னு போயிருந்தது. வேற ஒரு நாள் பதினொண்ணு பதினேழாகியிருந்தது. அந்த வித்தியாசத்தால வார்ப்புக்கு ஒண்ணும் கெடுதல் இல்லாததால யாரும் கவனிக்கல.

"சார், டெலிபிரிண்டர்ல ஒண்ணு எங்க இருக்கு? வரிசையோட இந்தக் கோடியில, இடது கை சுண்டு விரல்ல அடிக்கறது. ஏழு வலது கை ஆள்காட்டி விரல்ல. எட்டுக்கும் சைபருக்கும் நடுவுல ஒன்பது இருக்கு. விரல் வழுக்கினா பக்கத்துக் கட்டையிலதான் சார் விழும். வேணும்னே பண்றவளா இருந்தா, உபயோகமே இல்லாத மாங்கனீஸ்ல நான் எதுக்குக் கை வெக்கணும்?"

"பேப்பரை வெச்சுட்டுப் போங்க"ன்னேன். அவ கதவுகிட்ட போய் நின்னு, "நாளைக்குப் பத்து மணி சார்"னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

நான் அந்தப் பேப்பரை எடுத்தது அவளை மடக்கறதுக்குத்தான், உண்மையைச் சொல்லிடறேன். டெலிபிரிண்டர் புஸ்தகத்துல ஒவ்வொரு எழுத்தும் லைன்ல எப்படிப் போகும்னு ஒரு அட்டவணை இருக்கும். ஒரு எழுத்துக்கு அஞ்சு துடிப்பு, ஒண்ணு பின்னால ஒண்ணா. ஒவ்வொண்ணும் 'கரண்ட் இருக்கு', இல்லேன்னா 'கரண்ட் இல்லை'ங்கற கணக்கு. உங்க இன்னிய லைன்லயும் அடிப்படை இதேதான், வேகம்தான் கூட. அந்த அட்டவணையில எட்டையும் சைபரையும் பார்த்தேன். முதல் நாலு துடிப்பும் ஒரே மாதிரி, அஞ்சாவது மட்டும் வேற. ஒண்ணையும் ஏழையும் பார்த்தேன். அதே மாதிரி அஞ்சாவது மட்டும் வேற. 'என்'னையும் 'எம்'மையும் பார்த்தேன். அங்கயும் ஒரே ஒரு துடிப்புதான்.

விரலுக்கு அந்த அட்டவணை தெரியாது. ஒயருக்குத்தான் தெரியும்.

பேப்பர்ல நேரம் குறிச்சிருந்தது. எழுந்து போய் உலையோட லாக் புத்தகத்தைக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சேன். வட்டம் போட்ட ஒவ்வொரு நேரத்துலயும் ரெண்டாவது உலையில அப்பத்தான் புது ஸ்க்ராப், அதாவது உருகாத பழைய இரும்பு, கொட்டி கரண்ட் விட்டிருந்தாங்க. பச்சை இரும்பை உலை கடிக்க ஆரம்பிக்கும்போது இடி இடிக்கற மாதிரி கரண்ட் தாறுமாறா ஏறி இறங்கும். அந்த உலைக்கு கரண்ட் போற கேபிளையும் அதே டிரெஞ்ச்லதான் போட்டிருந்தாங்க; அது பக்கத்துலயே, உரசிகிட்டு, என்னோட யானை கட்டற கேபிள். பக்கத்து கரண்ட் தொத்தாம தடுக்கற முறுக்கும் அதுல கிடையாது, மேல வலையும் கிடையாது. பக்கத்து கரண்ட் துள்ளும்போதெல்லாம் இதுலயும் ஒரு துடிப்பு கூடும் இல்ல குறையும். நான் ஞாயித்துக்கிழமை போய் டெஸ்ட் பண்ணினா அது எப்படித் தெரியும்?

லாக் புத்தகத்தை மூடி வெச்சேன்.

அன்னிக்கு சாயங்காலம் பெருங்களத்தூர் வரைக்கும் நடந்தேன். பண்டிகைக் கூட்டம், தெற்கே போற பஸ் எல்லாம் பிதுங்கிகிட்டுப் போச்சு. நான் எதுக்கும் ஏற வேண்டியவன் இல்ல, சும்மா ஸ்டாப்புல நின்னேன். மனசு ஒரு வழி சொல்லிச்சு. நாளைக்கு என்கொயரியில ஒண்ணும் பேசாதே. அடுத்த ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம வேற கேபிளை இழுத்துடு. தப்பு தானா நின்னுடும். உன் கையெழுத்தை யாரும் கேக்க மாட்டாங்க. உதவி இன்ஜினியர் பதவிக்குப் போற லிஸ்ட்ல என் பேர் அப்போ இருந்துது.

அந்த வழியை இன்னும் ரெண்டு அடி யோசிச்சேன். ரோஸ்லின் வெளியே போவா. அடுத்த வாரம் நம்பர் எல்லாம் சரியா வர ஆரம்பிக்கும். 'பார்த்தியா, அவ போனதும் தப்பு நின்னுடுச்சு'ன்னு ஊரே சொல்லும். நான் ரகசியமாப் பண்ற ரிப்பேரே அவளுக்கு எதிரா கடைசி சாட்சி ஆயிடும். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு யார்கிட்ட போய் என்ன சொல்ல முடியும்? ஸ்டாப்புலேர்ந்து திரும்பி நடந்தேன்.

காலையில பத்து மணிக்கு மேனேஜர் ரூம்ல என்கொயரி. ரோஸ்லின் ஒரு ஓரத்துல உக்காந்திருந்தா. மேனேஜர் என்னோட சர்டிபிகேட்டைப் படிச்சுட்டு, "இதுல ஏதாவது சொல்லணுமா?"ன்னு சம்பிரதாயமாக் கேட்டார்.

"அது தப்பு சார்"னேன்.

மேனேஜர் பேப்பரைக் கீழ வெச்சார். "எது தப்பு?"

"என் சர்டிபிகேட். இப்போ ரெண்டாவது உலையில ஸ்க்ராப் கொட்டப் போறாங்க. நீங்களே லேபுக்கு வந்து உங்க கையால அடிங்க சார். எட்டு மட்டும் அடிச்சாப் போதும்."

"என்னய்யா விளையாடறியா?"ன்னார். அவரும் என்னைச் சந்தேகமாத்தான் பார்த்தார். நேத்து வரைக்கும் ஒண்ணு சொன்னவன் இன்னிக்கு மாத்திப் பேசினா யாருக்குத்தான் வராது? இந்தப் பொண்ணு இவனுக்கு என்ன சொந்தம்னுகூட நினைச்சிருப்பார். ஆனாலும் எழுந்து வந்தார், அதுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கேன்.

லேப்ல மெஷின் முன்னால மேனேஜர் உக்காந்தார். ரோஸ்லின் நாலு அடி தள்ளி, கையைக் கட்டிகிட்டு நின்னா. தூரத்துல உலை பச்சை இரும்பைக் கடிக்கற சத்தம் கேட்டுது. மேனேஜர் ஒத்தை விரலால, எட்டு, எட்டு, எட்டுன்னு குத்தினார். மூணு வரி நிறைஞ்சுது. அவர் முன்னால இருந்த பேப்பர்ல எல்லாம் எட்டு, ஒண்ணுகூட மாறல. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்துல ஏகாம்பரம் வேர்க்க விறுவிறுக்க, உலை மேடையிலேர்ந்து பேப்பரைக் கிழிச்சு எடுத்துகிட்டு வந்தார். "யாரு சார் இது எட்டெட்டா அடிச்சுகினு கீறது? நடுவுல மூணு சைபர் கீது, ஒரு ஏழு கீது. நான் எவ்ளோ கரி போட்றது?"

மேனேஜர் அந்தப் பேப்பரை வாங்கி தன் பேப்பர் பக்கத்துல வெச்சார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ரோஸ்லினைப் பார்த்து, "நீ போய் உன் சீட்ல உக்காரும்மா"ன்னார். சார்ஜ் ஷீட் அன்னிக்கே வாபஸ் ஆச்சு. என் பேர் அந்த லிஸ்ட்லேர்ந்து போயிடுச்சு, திரும்ப வர நாலு வருஷம் ஆச்சு. நியாயம்தான்.

பர்ச்சேஸ் ஆபீசர்கிட்ட போய் அந்த மெல்லிசு கேபிளையே வாங்கிக் கொடுங்கன்னு கேட்டேன். "அதுக்கென்ன, போட்டுடலாம்"னு ஃபைலைத் திறந்தார். எழுதிகிட்டே, தலையைத் தூக்காம, "என் மச்சினன் அந்தக் கம்பெனியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்"னார். அவர் மனசுல அது எவ்வளவு நாளா இருந்துதோ. அடுத்த திங்கட்கிழமை எனக்கும் வழக்கம்போல துளசி கொடுத்தார். ரெண்டு கையையும் நீட்டி வாங்கினேன்.

கேபிளைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தடிமனா இருக்கறது பலம் இல்ல. பவர் போறதுக்குத் தடிமன் வேணும், தகவல் போறதுக்கு முறுக்கு வேணும். மேல இருக்கற பின்னலை ஒரே ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணு. பவர் கேபிள் பக்கத்துல பள்ளம் காலியா இருக்குன்னு ஆசைப்பட்டு அதுல இதைப் படுக்க வெக்காதே. இதெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கு, நீங்க படிச்சிருப்பீங்க. சந்தேகப்படறதும் நல்லதுதான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆளுங்க மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி நீ முடிவு பண்ணின விஷயத்தை எடுத்து வெச்சு சந்தேகப்படு. நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். நான் தேர்ந்தெடுத்த அந்த ஒயரை மட்டும் விட்டுட்டேன்.

புது கேபிளை வேற பள்ளம் வெட்டி, உலைப் பக்கமே போகாம சுத்தி இழுத்தேன். இழுத்து முடிச்சது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். இந்தத் தடவை சர்டிபிகேட்ல என் கையெழுத்துக்குக் கீழ, அந்த லைனை உபயோகிக்கறவங்களும் கையெழுத்துப் போடணும்னு மேனேஜர் உத்தரவு. திங்கட்கிழமை காலையில பேப்பரை எடுத்துகிட்டு லேபுக்குப் போனேன்.

ரோஸ்லின் அதைப் படிச்சா. பேனாவைத் தொடல.

"டெஸ்ட் எப்போ சார் பண்ணீங்க?"

"நேத்து."

"உலை எரிஞ்சுகிட்டிருந்ததா?"

இல்லைன்னு தலையாட்டினேன். அவ்வளவு பட்டும் எனக்கு பழக்கம் போகல பாருங்க.

"ரெண்டாவது உலை ஸ்க்ராப் கடிக்கட்டும் சார். அப்புறம் போடறேன்."

காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு. அவ வேற வேலை பார்த்தா, நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். உலை உறும ஆரம்பிச்சதும் அவ மெஷின் முன்னால உக்காந்து ஒரு பக்கம் முழுக்க எட்டா அடிச்சா. நான் ஓடிப் போய் உலை மேடையிலேர்ந்து பேப்பரைக் கிழிச்சுகிட்டு வந்தேன். "எல்லாம் எட்டு"ன்னேன். அவ அதை என் கையிலேர்ந்து வாங்கி, பென்சிலால ஒவ்வொரு எட்டுக்கும் கீழ ஒரு புள்ளி வெச்சுகிட்டே கடைசி வரைக்கும் போனா. போயிட்டு, என் பேருக்குக் கீழ கையெழுத்துப் போட்டு பேப்பரை நீட்டினா.

"இப்போ உங்க ஒயரை நம்பறேன் சார். உங்களை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும்."

எவ்வளவு நாள்னு நான் கேக்கல.